செவுளை ஏமாற்றும் உலோகம்

மீன் கடைக்குப் போனதும் நாம் முதலில் செய்வது செவுளைத் தூக்கிப் பார்ப்பது. ரத்தச் சிவப்பாக இருந்தால் வாங்கலாம், வெளிறிப் பழுப்பாகியிருந்தால் அடுத்த கடை. செவுள் அவ்வளவு சிவப்பாகத் தெரியக் காரணம், அங்கே ரத்தத்தை மூடியிருக்கும் சவ்வு அவ்வளவு மெல்லியது. பல மீன்களில் அது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. ஒரு பக்கம் ஆற்றுத் தண்ணீர், மறுபக்கம் ரத்தம், நடுவில் இந்தச் சவ்வு மட்டும். செம்பு, காட்மியம், ஈயம் போன்ற கன உலோகங்கள் தண்ணீரில் கலந்தால் முதல் அடி விழுவது இங்கேதான்.

செவுள் மூச்சு விடுவதற்கு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆற்று மீனுக்கு அதில் இன்னொரு வேலையும் நடக்கிறது. மீனின் ரத்தத்தில் உப்பு உண்டு. சுற்றியிருக்கும் நன்னீரிலோ உப்பு மிகமிகக் குறைவு. அதனால் ஊறப்போட்ட உளுந்தில் தண்ணீர் ஏறுவதுபோல மீனுக்குள் எந்நேரமும் தண்ணீர் ஏறுகிறது, உப்பு வெளியே கசிகிறது. ஏறிய தண்ணீரை மீன் சிறுநீராகக் கழித்துவிடுகிறது. கசிந்த உப்பைச் செவுளில் இருக்கும் தனிவகைச் செல்கள் ஆற்றிலிருந்தே திரும்பப் பிடித்து உள்ளே இழுக்கின்றன. சோடியத்துக்கு ஒரு வாசல், கால்சியத்துக்கு ஒரு வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவும் பகலும் ஓயாத வேலை.

உலோகம் நுழைவது இந்த வாசல்களில். காட்மியம் அயனியும் கால்சியம் அயனியும் கிட்டத்தட்ட ஒரே அளவு, மின்னூட்டமும் ஒன்றே. வாசலுக்கு வித்தியாசம் தெரிவதில்லை, கால்சியம் என்றே உள்ளே விட்டுவிடுகிறது. போன காட்மியம் கால்சியத்தை ரத்தத்துக்குள் தள்ளும் பம்பை முடக்கிவிடும். செம்பு இதே வேலையைச் சோடியத்தின் பக்கம் செய்கிறது. உப்பு கசிவது மட்டும் தொடர்கிறது, திரும்ப வருவது நின்றுபோகிறது. ரத்தத்தில் இருக்கும் உப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விட்டால் மீன் தாங்காது. ரத்தத்திலிருந்து நீர் பிரிந்து திசுக்களுக்குள் போக, ரத்தம் கெட்டியாகிறது. அந்தக் கெட்டி ரத்தத்தைத் தள்ள முடியாமல் கடைசியில் இதயம் நின்றுவிடுகிறது. உலோகத்தின் அளவு இன்னும் அதிகமென்றால் இவ்வளவு நேரம்கூட ஆகாது. செவுள் வீங்கிக் கோழை சுரந்து மூடிக்கொள்ளும், மீன் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் சாகும்.

இது ஆற்றில் எப்படி நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் மான்டனா மாநிலத்தில் ஓடும் கிளார்க் ஃபோர்க் ஆற்றைப் பார்க்கலாம். அதன் தலைப்பகுதியில் இருக்கும் பியூட், அனகோண்டா என்ற ஊர்களில் 1880களிலிருந்தே செம்புச் சுரங்கங்களும் உருக்காலைகளும் பெரிதாக வளர்ந்தன. கசடு ஓடைகளில் சேர்ந்தது. 1908இல் பெருவெள்ளம் வந்து அந்தக் கசடை வாரிக்கொண்டு போய், கீழே மில்டவுன் அணை வரை ஆற்றங்கரை நெடுகப் படியவிட்டது. கசடு படிந்த திட்டுகள் பலவற்றில் புல்கூட முளைக்கவில்லை.

கோடையில் அந்தத் திட்டுகளில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். வெயிலில் மேல்மண் காயக்காய, அடியில் இருக்கும் ஈரம் மேலே ஏறுகிறது. வரும்போது கசடில் இருக்கும் செம்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், செம்பு உப்பு மட்டும் நீலப்பச்சைப் பொருக்காக மண்மேல் தங்கிவிடும். நம் விவசாயிகள் பயிருக்கு அடிக்கும் மயில்துத்தமும் இந்த வகை உப்புதான். வாரக்கணக்கில் அது சேர்ந்துகொண்டே இருக்கும்போது, ஒருநாள் சடாரென்று ஓர் இடிமழை. பொருக்கு மொத்தமும் கரைந்து ஒரே வீச்சில் ஆற்றில் இறங்குகிறது. 1980களில் இப்படிப்பட்ட மழைகளுக்குப் பிறகு அங்கே டிரவுட் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. மறுநாள் வந்து தண்ணீரைச் சோதித்தால் வெள்ளம் வடிந்திருக்கும், செம்பும் கூடவே போயிருக்கும். மாதத்துக்கு ஒரு முறை மாதிரி எடுத்துப் பார்த்துவிட்டு 'எல்லாம் வரம்புக்குள்தான் இருக்கிறது' என்று சொல்வதை நான் நம்பாததற்கு இந்த ஆறுதான் காரணம்.

இன்னொரு விஷயம், எல்லா ஆற்றிலும் ஒரே அளவு செம்பு ஒரே தீங்கைச் செய்யாது. பாத்திரத்தில் வெள்ளைப் படலம் கட்டும் கடின நீரை நாம் வெறுக்கிறோம், மீனுக்கு அது ஒரு காவல். தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் செவுளின் வாசல்களில் அது முந்திக்கொண்டு இடம்பிடித்துவிடும், உலோகத்துக்கு இடம் கிடைப்பது கடினம். அதே உலோகம் கருங்கல் மலைகளிலிருந்து இறங்கும் மென்னீர் ஓடையில் கலந்தால் பாதிப்பு பல மடங்கு.

சரி, மீன் சாகவில்லை என்றால் தண்ணீர் சுத்தமா? இந்தக் கேள்விக்கு வந்த பதில்தான் என்னை மிகவும் உலுக்கியது. மீனின் மூக்குக் குழிக்குள் நரம்புச் செல்கள் நேரடியாகத் தண்ணீரைத் தொட்டபடி இருக்கின்றன. சிறு மீன் ஒன்று கடிபட்டால் அதன் தோலிலிருந்து ஒரு வாசனை கிளம்பும். அதை முகர்ந்த மற்ற மீன்கள் அஞ்சி ஒதுங்கும், அல்லது அசையாமல் நின்றுவிடும். விலங்கியலாளர் கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1938இல் இதைக் கண்டறிந்தார். அமெரிக்க மேற்குக் கரையில் கோஹோ சால்மன் குஞ்சுகளைச் சில மணி நேரம் செம்பு கலந்த நீரில் விட்டுப் பார்த்தார்கள். லிட்டருக்கு 2 முதல் 20 மைக்ரோகிராம்தான். அதற்கே குஞ்சுகளின் மூக்கு மங்கிவிட்டது. அசையாமல் நிற்க வேண்டியவை, அபாய வாசனை வந்தும் தம் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தன, பெரிய மீன்களுக்கு எளிதாக இரையாயின. மனிதர் குடிக்கும் நீரில் செம்புக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 2,000 மைக்ரோகிராம். செப்புக் குடத்துத் தண்ணீர் நமக்கு ஒன்றும் செய்யாது, அதில் ஒரு சால்மன் குஞ்சை விட்டால் கதை வேறு. வண்டிகளின் பிரேக் தேயும்போது உதிரும் செம்புத் தூளும் மழையோடு ஆற்றுக்குத்தான் போகிறது. அதனால் பிரேக் பேடில் செம்பைக் குறைக்க வாஷிங்டன் மாநிலம் 2010இல் சட்டமே போட்டது.

நம் விரால் விஷயத்திலும் ஏமாந்துவிடக் கூடாது. அது தண்ணீருக்கு மேலே வந்து காற்றை விழுங்கும் மீன், செவுளை மட்டும் நம்பி மூச்சு விடுவதில்லை. மற்ற மீன்கள் ஒழிந்துபோன சாக்கடைக் குட்டையிலும் அது துள்ளும். ஆனால் அந்தத் தண்ணீரின் உலோகம் அதன் உடம்பிலும் சேர்ந்துகொண்டுதான் இருக்கும்.

சேர்ந்தது எங்கே போகிறது? கல்லீரலும் சிறுநீரகமும் மெட்டல்லோதயோனின் என்ற புரதத்தைச் செய்து காட்மியத்தையும் செம்பையும் கட்டி வைக்கின்றன. அந்தக் கட்டுக்கு அடங்காமல் மிஞ்சுவதுதான் கெடுதல். ஈயம் கலந்த நீரில் மாதக்கணக்கில் வளர்ந்த டிரவுட் மீன்களுக்கு வால் கறுத்து முதுகெலும்பே வளைந்திருக்கிறது.

மீன் கழுவும்போது செவுளையும் குடலையும் ஈரலையும் எடுத்து வீசிவிடுகிறோம், காட்மியத்தில் பெரும்பகுதி அதோடு போய்விடும். பாதரசம் அப்படிப் போவதில்லை. ஆற்றுச் சேற்றில் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது புழுவிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும் ஏறிக்கொண்டே போய், சதையின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். குழம்பு வைத்தாலும் பொரித்தாலும் போகாது. கனடாவின் ஒன்டாரியோவில் 1962 முதல் 1970 வரை ஒரு தொழிற்சாலை ஏறத்தாழ 9 டன் பாதரசத்தை வாபிகூன் ஆற்றில் விட்டது. அரை நூற்றாண்டு கடந்தும், ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் இருக்கும் கிராசி நாரோஸ் பழங்குடி மக்கள் தங்கள் ஆற்றில் கிடைக்கும் வால்ஐ (walleye) என்ற மீனை அச்சமில்லாமல் சாப்பிட முடியவில்லை.