பாரபென்: பேரு எங்கருந்து வந்துச்சு, தமிழ்ல என்னன்னு சொல்லலாம்

ஷாம்பு, பாடி லோஷன், ஃபேஸ் க்ரீம்னு எதை எடுத்தாலும் இப்போ முன்பக்கம் பெரிய எழுத்துல "பாரபென் இல்லை"ன்னு போட்டிருக்கு. சரி, என்னது இல்லைன்னு கேட்டா நிறைய பேரு "ஏதோ கெமிக்கல், கேன்சர் வருமாம்" அப்படிங்கறதோட நிறுத்திக்கறாங்க. அந்தப் பேரைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்த்தாலே எதுக்கு பயப்படணும் எதுக்கு வேண்டாம்னு ஓரளவு பிடிபட்டுடும்.

முதல்ல, பாரபென்ங்கறது ஒரு பொருளோட பேரு இல்ல, ஒரு குடும்பத்தோட பேரு. பாரா-ஹைட்ராக்ஸிபென்சோயிக் அமிலம்னு ஒண்ணு இருக்கு, அதை ஏதாவது ஒரு ஆல்கஹாலோட வினைபுரிய வச்சா கிடைக்கிற எஸ்டர் எல்லாமே பாரபென் தான். அவ்ளோ நீளப் பேரை தினமும் யாரு சொல்லிட்டிருப்பாங்க, அதனால முன்னாடி வர்ற "பாரா"வையும் நடுவுல வர்ற "பென்"னையும் ஒட்டி சுருக்கிட்டாங்க.

"பாரா" கிரேக்கச் சொல், பக்கத்துல, தாண்டி இப்படி அர்த்தம் வரும். வேதியியல்ல அதுக்குத் தனி வேலை இருக்கு. ஆறு கார்பன் வளையத்துல ரெண்டு தொகுதி நேர் எதிரெதிர் முனையில இருந்தா அது பாரா (பக்கத்து பக்கத்துல இருந்தா ஆர்த்தோ, ஒண்ணு விட்டு ஒண்ணுன்னா மெட்டா, ப்ளஸ் டூல படிச்சிருப்பீங்க).

"பென்" தான் சுவாரசியமே. அது நம்ம சாம்பிராணிலருந்து வந்தது! சுமத்ராப் பக்கம் ஒரு மரத்துலருந்து எடுக்கற சாம்பிராணிப் பிசினை அரபு வியாபாரிங்க "லுபான் ஜாவி"ன்னு சொன்னாங்க, அதாவது ஜாவா சாம்பிராணி. அந்தப் பேரு ஐரோப்பாவுக்குப் போனப்போ முதல்ல இருக்கற "லு"வை அங்க இருந்தவங்க தங்களோட மொழில பேருக்கு முன்னாடி வர்ற முன்னொட்டுன்னு நினைச்சு கழட்டி விட்டுட்டாங்க, மிச்சம் இருந்த "பான்ஜாவி" வாய்க்கு வாய் மாறி பென்ஜுயி, பென்சாயின்னு ஆயிடுச்சு. அந்தப் பிசினைச் சூடு பண்ணினா ஆவியாகி வெள்ளையாப் படியற அமிலத்துக்கு பென்சாயிக் அமிலம்னு பேரு வச்சாங்க, 1833ல மிட்சர்லிக்ங்கற ஜெர்மன் வேதியியலாளர் அந்த அமிலத்தை சுண்ணாம்போட சேர்த்துக் காய்ச்சி எடுத்த திரவம் தான் பின்னாடி பென்சீன்னு ஆச்சு. பேரு சாம்பிராணிலருந்து வந்துச்சுங்கறதுக்காக பாரபென் இயற்கைப் பொருள்னு யாரும் எடுத்துக்க வேண்டாம், க்ரீம்ல போடறது ஃபேக்டரில தயாரிக்கறது தான். அதே நேரம் மெத்தில்பாரபென்ங்கற வகை ப்ளூபெர்ரி மாதிரி சில பழங்கள்ல தானாவே இருக்கு, அதனால செயற்கை இயற்கைன்னு ரெண்டா வெட்டிப் பார்க்கறது இந்த விஷயத்துல உதவாது.

இதை எதுக்குப் போடறாங்கன்னா, தண்ணி கலந்த எந்த க்ரீம்லயும் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும், நாம விரலை விட்டு விட்டு எடுக்கறப்போ இன்னும் சீக்கிரம். அதைத் தடுக்கத் தான் 1920கள்லருந்து பாரபென் பயன்பாட்டுல இருக்கு.

இப்போ லேபிளுக்கு வாங்க. பாட்டில் பின்னாடி பொடி எழுத்துல இருக்கற லிஸ்ட்டோட வால் பக்கம் பாருங்க, மெத்தில்பாரபென், எத்தில்பாரபென், ப்ரொப்பைல்பாரபென், பியூட்டைல்பாரபென் இப்படி ஏதாவது வரும். அளவு ரொம்பக் கம்மிங்கறதால தான் கடைசில. இந்த முன்னொட்டு தான் முக்கியம். மெத்தில்னா ஒரு கார்பன், எத்தில்னா ரெண்டு, ப்ரொப்பைல் மூணு, பியூட்டைல் நாலு. இந்த கார்பன் சங்கிலி நீள நீள கிருமியைத் தடுக்கற சக்தியும் கூடும், கூடவே ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மாதிரி நடிக்கற குணமும் கூடும். கவலையே இந்த ரெண்டாவது குணத்தால தான். ஆனா அதோட பலம் எவ்ளோன்னும் சொல்லணும், 1998ல வந்த ஒரு ஆய்வுல பியூட்டைல்பாரபென் உடம்போட சொந்த ஈஸ்ட்ரோஜனை விட சுமார் 10,000 மடங்கு பலவீனமா இருந்துச்சு.

கேன்சர் பேச்சு வந்தது 2004ல. மார்பகப் புற்றுநோய்க் கட்டி மாதிரிகள் 20 எடுத்துப் பார்த்ததுல பாரபென் இருந்துச்சுன்னு ஒரு ஆய்வு சொல்லிச்சு. இருந்துச்சு, அவ்ளோ தான். பக்கத்துல இருக்கற நல்ல திசுவோட ஒப்பிட்டுப் பார்க்கல, அதனால தான் கட்டி வந்துச்சுன்னு அந்த ஆய்வு சொல்லவும் இல்ல. ஃபார்வர்டு மெசேஜ்ல மட்டும் அது "நிரூபணம்" ஆயிடுச்சு, இதைப் பார்க்கறப்போ எனக்கு உண்மையாவே கோவம் வரும்.

அதுக்காக கண்ணை மூடிக்கச் சொல்லல. டென்மார்க் 2011லயே மூணு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்க பொருள்கள்ல ப்ரொப்பைலையும் பியூட்டைலையும் தடை பண்ணிச்சு. ஐரோப்பிய யூனியன் 2014ல ஐசோப்ரொப்பைல், ஐசோபியூட்டைல், ஃபீனைல், பென்சைல், பென்டைல் இந்த அஞ்சையும் மொத்தமா தடை பண்ணி, ப்ரொப்பைல் பியூட்டைலுக்கு 0.14 சதவீதம்னு வரம்பு வச்சு, சின்னக் குழந்தைங்களுக்கு டயப்பர் போடற இடத்துல தடவி அப்படியே விடற க்ரீம்ல அந்த ரெண்டும் கூடாதுன்னு சொல்லிச்சு. மெத்திலும் எத்திலும் தனியா 0.4 சதவீதம் வரைக்கும் ஓகே. என் கருத்தும் இது தான், குழந்தைக்குத் தடவறதுல நீளச் சங்கிலி வகை வேண்டாம், பெரியவங்க குளிச்சு கழுவி விடற ஷாம்புல மெத்தில் இருந்தா தூக்கி எறிய வேண்டியதில்ல.

"பாரபென் இல்லை"ல இருக்கற சிக்கல், அதுக்கு பதிலா என்ன இருக்குன்னு அது சொல்லாது. பாரபெனுக்கு பயந்து நிறைய கம்பெனிங்க கிருமியைத் தடுக்கற மெத்தில்ஐசோதயசோலினோன்ங்கற வேற ஒண்ணுக்கு மாறினாங்க, விளைவு பல நாடுகள்ல தோல் அலர்ஜி அலை அலையா வந்துச்சு. அமெரிக்காவோட தொடர்புத் தோலழற்சி சங்கம் (தோல்ல படற பொருளால வர்ற அழற்சியைப் பத்தி ஆராயறவங்க) 2013ல அதை அந்த வருஷத்து அலர்ஜிப் பொருள்னே அறிவிச்சது. அதே சங்கம் 2019ல பாரபென்களை அந்த வருஷத்து "அலர்ஜி தராத பொருள்"னு அறிவிச்சது! டிஎம்டிஎம் ஹைடான்டோயின், குவாட்டர்னியம்-15ன்னு இன்னும் சில இருக்கு, இதுங்க அலர்ஜி தரக்கூடிய ஃபார்மால்டிஹைடுங்கற வேதிப்பொருளைக் கொஞ்சம் கொஞ்சமா வெளிய விடும், பாரபென் இல்லாத பாட்டில்ல இவங்க இருக்காங்களான்னு பார்க்கறது தான் நான் முதல்ல பண்ற வேலை.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? பாரபெனுக்கு தனித்தமிழ்ப் பேரு தேட வேண்டாம்ங்கறது என் எண்ணம். லேபிள்ல இருக்கற பேரும் நாம எழுதற பேரும் காதுக்கு ஒண்ணா இருந்தா தான் கடையில நின்னு கண்டுபிடிக்க முடியும், பாரபென், பன்மைல பாரபென்கள், போதும். அது செய்யற வேலைக்கு தான் தமிழ் வேணும். "பதப்படுத்தி"ன்னு சிலர் எழுதறாங்க, ஆனா தோல் பதப்படுத்தறது, முடியைப் பதப்படுத்தறதுன்னு வேற அர்த்தத்துக்கும் அது போயிடுது, ஷாம்பு பாட்டில்ல கண்டிஷனர்னு நினைச்சுக்குவாங்க. "பதனப்பொருள்" அதை விட நல்லாருக்கு. பதனம்னா கவனமா பாதுகாக்கறது, "பதனமா வை"ன்னு சொல்றோமே அதே தான். அப்போ மெத்தில்பாரபென், மெத்தில்ஐசோதயசோலினோன் ரெண்டுமே பதனப்பொருள், ஒண்ணை எடுத்தா இன்னொண்ணு அந்த இடத்துக்கு வரும்ங்கறது சொல்லுலயே தெரிஞ்சிடும்.