படத்தொகுப்பு: சொல் விளக்கம்

எடிட்டிங் என்னும் திரைத்துறைச் சொல்லுக்குத் தமிழில் நிலைபெற்றுவிட்ட பெயர் படத்தொகுப்பு. வேலூர், ஆரணி, குடியாத்தம் பகுதிகளில் திருமண வீடியோ எடுப்போர், நாடாக் காலத்தில் இதே வேலையை 'மிக்ஸிங்' என்று சொல்லிவந்தார்கள். இப்போது அவர்களும் எடிட்டிங் என்றே சொல்கிறார்கள்.

'எடிட்' என்பதன் வேர், 'வெளியே கொடு' என்று பொருள்படும் லத்தீன் வினை. ஆங்கிலத்தில் எடிட்டர் என்ற பெயர்ச்சொல்லே முதலில் வந்தது; நூலை வெளியிடுபவரைக் குறித்த அந்தப் பெயரிலிருந்துதான் எடிட் என்ற வினை பின்னர்ப் பிறந்தது. மௌனப்பட காலத்து அமெரிக்கக் கூடங்களிலோ இவ்வேலையைச் செய்தவரைக் 'கட்டர்', அதாவது வெட்டுபவர், என்றே அழைத்தார்கள். வெளியிடுதல், வெட்டுதல் ஆகிய இரண்டுமே இந்தக் கலையின் நடுவைத் தொடவில்லை என்பது என் கருத்து. எதை எதற்குப் பக்கத்தில் வைப்பது என்பதே இதன் நடு. அதைத் 'தொகு' என்னும் வினை நேராகச் சொல்கிறது. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார் என்றும், தொகுப்பித்தவர் சேரமன்னர் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்றும் பிரித்துச் சொல்லும் மரபு நமக்கு உண்டு. படத்தொகுப்பாளருக்கும் தயாரிப்பாளருக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இதைவிடப் பொருத்தமான சொல்லிணை வேறு மொழியில் எளிதில் கிடைக்காது.

தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படமான 'கீசக வத'த்தை எடுத்த ஆர். நடராச முதலியார் வேலூரில் பிறந்தவர். சென்னையில் படம்பிடித்த அவர், குளிர்ச்சியான தட்பவெப்பம் படச்சுருளுக்கு நல்லது என்று கருதி, பெங்களூரில் ஆய்வகம் அமைத்து அதைக் கழுவினார். அக்காலத்தில் தொகுப்பு என்பது முழுக்க முழுக்கக் கைவேலை: சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கத்தரித்து, ஓரத்தைச் சுரண்டி, பசை தடவி ஒட்ட வேண்டும். 1924-இல் வந்த மூவியோலா என்ற கருவி, ஓடும் படத்தைப் பார்த்துக்கொண்டே வெட்டும் இடத்தை முடிவுசெய்ய வழிவகுத்தது. பேசும்படத்தில் நொடிக்கு 24 சட்டகங்கள் (பிரேம்கள்), நிமிடத்துக்கு 90 அடிச் சுருள் என்னும்போது, ஒரு காட்சியை மாற்றிப் பார்ப்பதற்கே எவ்வளவு நேரமும் பொறுமையும் தேவைப்பட்டிருக்கும் என்பதை உணரலாம். 1989-இல் அறிமுகமான ஏவிட் கணினி முறையில் மூலச்சுருளைத் தொடாமலே எத்தனை முறை வேண்டுமானாலும் வரிசையை மாற்றலாம் என்றாயிற்று.

கிராபிக்ஸ் என்று நாம் பொதுவாகச் சொல்லும் காட்சி விளைவுகளும் இதே ஒட்டுவேலையில்தான் வேர்விட்டன. ஒரு பொருளை நொடியில் மறையச் செய்த பிரான்சின் ஜார்ஜ் மெலியஸ், காமிராவை நிறுத்தி மீண்டும் ஓட்டியதோடு விடவில்லை. எஞ்சியிருக்கும் அவருடைய படச்சுருள்களில், அந்த இடத்தைத் துல்லியமாக்குவதற்காகக் கத்தரித்து ஒட்டிய தடயங்களை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பின்னாளில் ஒரே சுருளில் சட்டகத்தின் ஒரு பகுதியை மறைத்து இருமுறை படம்பிடிப்பதும், தனித்தனியே எடுத்த படங்களை ஆப்டிகல் பிரின்டரில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிப்பதும் வந்தன. தமிழ்த் திரையில் இவற்றுக்குத் 'தந்திரக் காட்சி' என்ற பெயர் வழங்கியது. 1957-இல் 'மாயா பஜார்' படத்தில் லட்டுகள் தாமாகவே பறந்து ரங்காராவின் வாய்க்குள் போனது, ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி கணினியின் துணை சிறிதும் இன்றிச் செய்தது.

இப்போது புழங்கும் 'காட்சி விளைவுகள்', 'விஷுவல் எஃபெக்ட்ஸ்' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றிய பெயர். மருந்தின் பக்கவிளைவையே அது எனக்கு நினைவூட்டுகிறது. 'வரைகலை' நல்ல சொல்தான் என்றாலும் வரைவதை மட்டுமே குறிக்கிறது. நெடுநல்வாடையில் 'புனையா ஓவியம்' என்றொரு தொடர் வருகிறது. வண்ணம் தீட்டப்படாத, கோட்டளவில் நிற்கும் ஓவியம் என்று அதற்கு உரை சொல்வார்கள். கணினியில் முதலில் கோடுகளால் மட்டும் உருவாகும் கம்பிச்சட்ட (வயர்ஃபிரேம்) வடிவம் புனையா ஓவியமே. அதற்குத் தோலும் நிறமும் ஒளியும் ஏற்றுவது புனைதல். ஆகவே காட்சிப்புனைவு என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

இச்சொற்களை வாக்கியத்தில் ஆளும்போது 'படத்தொகுப்பு செய்தார்' என்று நீட்டத் தேவையில்லை. படத்தைத் தொகுத்தார், காட்சியைப் புனைந்தார் என்றே எழுதலாம்.