52-லிருந்து 27 போனால் 35: கற்றல் மென்பொருள் அறிக்கையைப் படிப்பது எப்படி?

நான்காம் வகுப்புக் குழந்தை ஒன்று கணினியில் 20 கழித்தல் கணக்குகள் போடுகிறது. 12 சரி. மென்பொருள் ‘கழித்தல் 60%’ என்று காட்டுகிறது. சிறப்புத் தேவையுள்ள குழந்தைக்கென்று தனியே எழுதும் தனிநபர் கல்வித் திட்டத்தில் (ஐ.இ.பி.) ‘தற்போதைய நிலை’ என்ற இடத்தில் இந்த 60-ஐ அப்படியே எழுதிவிட்டால், திட்டம் முதல் வரியிலேயே தடம் மாறிவிடும்.

சுருக்க அறிக்கையோடு நிற்காமல் கேள்வி வாரியான பதிவைத் திறந்து பாருங்கள். கடன் வாங்கத் தேவையில்லாத 10 கணக்குகளும் சரி. கடன் வாங்க வேண்டிய 10-ல் இரண்டுதான் சரி. தவறானவற்றை வரிசையாக வைத்தால்: 52 − 27 = 35, 63 − 48 = 25, 81 − 36 = 55. இது கவனக்குறைவு அல்ல. மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்க்காமல், பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழிக்கிறது குழந்தை. தனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டு அதைப் பிசகாமல் பின்பற்றுகிறது. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற ஆய்வாளர்கள் 1978-லேயே இத்தகைய தவறுகளை ஆராய்ந்து, ஒரு விடைத்தாளில் எந்தத் தவறான விதி வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்கும் கணினி நிரலை விளக்கியிருக்கிறார்கள். ஆக, திட்டத்தில் எழுத வேண்டிய அளவு 60% அல்ல. ‘கடன் வாங்கும் கணக்கில் 10-க்கு 2’.

அமெரிக்காவில் 1975-ல் வந்த மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான கல்விச் சட்டத்திலிருந்து இந்தத் திட்டம் கட்டாயமாக இருக்கிறது. குழந்தையின் தற்போதைய நிலை, அளந்து பார்க்கக்கூடிய ஆண்டு இலக்கு, முன்னேற்றத்தை எப்படி அளப்பது, பெற்றோருக்கு எப்போது தெரிவிப்பது ஆகியவை அதில் இருந்தாக வேண்டும். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், ஒவ்வொரு மாற்றுத்திறன் மாணவரின் கற்றல் அடைவையும் கண்காணிக்கச் சொல்கிறது. அளவிட மென்பொருள் கைகொடுக்கும். ஆனால் அது எதை அளக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

‘தேர்ச்சி’ என்று பச்சை நிறத்தில் வருவதை எடுத்துக்கொள்வோம். பல மென்பொருள்கள் 1990-களில் கார்பெட், ஆண்டர்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வடிவமைத்த நிகழ்தகவு முறையையோ அதன் வழிவந்த ஒன்றையோ பயன்படுத்துகின்றன. அதில் நான்கு எண்கள் உண்டு: குழந்தைக்கு முன்பே தெரிந்திருக்கும் வாய்ப்பு, ஒவ்வொரு கணக்கிலும் புதிதாகக் கற்கும் வாய்ப்பு, தெரியாமலே ஊகித்துச் சரியாகச் சொல்லும் வாய்ப்பு, தெரிந்தும் தவறிவிடும் வாய்ப்பு. இவற்றை முறையே 0.3, 0.15, 0.2, 0.1 என்று வைத்தால், முதல் சரியான விடைக்குப் பிறகு ‘தெரியும்’ என்ற மதிப்பு 0.71 ஆகிறது. இரண்டாவதுக்குப் பிறகு 0.93. மூன்றாவதுக்குப் பிறகு 0.98-ஐத் தாண்டுகிறது. 0.95-ஐ எல்லையாக வைத்திருக்கும் மென்பொருள் மூன்றே விடைகளில் பச்சை விளக்கைப் போட்டுவிடும். அந்த மூன்றும் ஒரே உட்காரலில், ஒரே மாதிரிக் கணக்குகளில் வந்தவையாக இருக்கலாம். வாரம் கழித்துத் தாளில் கேட்டால் வராமல் போவதில் வியப்பில்லை.

சதவீதத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. குழந்தையின் திறனுக்கேற்பக் கேள்வியின் கடினத்தை மாற்றிக்கொண்டே போகும் தேர்வுகளில் எல்லோருக்கும் ஏறக்குறைய பாதி விடைகள்தான் சரியாக வரும், அப்படித்தான் அவை அமைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே பார்க்க வேண்டியது அளவுகோல் மதிப்பெண்ணை (கேள்விகளின் கடினத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட மதிப்பெண்), அதோடு பிழை வரம்பையும் (உண்மை மதிப்பெண் அதற்கு எவ்வளவு மேலோ கீழோ இருக்கலாம் என்பது). மதிப்பெண் 184, பிழை வரம்பு 3 என்றால், அடுத்த பருவத்தில் 187 வந்ததை முன்னேற்றம் என்று எழுத முடியாது.

பதிவை நம்புவதற்கு முன் சிலவற்றைச் சரிபார்க்க வேண்டும். மூன்று விநாடிக்குள் விடை வந்த கேள்விகளைத் தனியே பிரியுங்கள். நான்கு தெரிவுகளில் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் கால்வாசி சரியாகும். குறிப்புப் பொத்தானை அழுத்தி வந்த விடைகளையும் பிரியுங்கள். ‘45 நிமிடம் பயிற்சி’ என்பதில் திரை சும்மா திறந்து கிடந்த நேரமும் சேர்ந்திருக்கலாம். வீட்டிலிருந்து வந்த பதிவு திடீரென்று உயர்ந்தால், குழந்தையின் பயனர் கணக்கில் அக்காவோ அண்ணனோ நுழைந்தார்களா என்று பெற்றோரிடம் கேளுங்கள். மிக முக்கியமாக, கேள்வியை உரக்கப் படித்துக்காட்டும் வசதி திறந்திருந்ததா? கணக்கில் அது நியாயமான உதவி. வாசிப்புத் தேர்வில் அதே வசதி திறந்திருந்தால், நீங்கள் அளந்தது கேட்டுப் புரிந்துகொள்வதை.

இனி இலக்கு. நம் குழந்தைக்கு மூன்று வெவ்வேறு நாட்களில், 10 கடன் வாங்கும் கணக்குகள் கொண்ட தாளைக் கொடுங்கள். 2, 1, 3 வந்தால் நடு எண் 2. அதுதான் தொடக்க அளவு. இலக்கை இப்படி எழுதலாம்: ‘இரண்டிலக்க எண்களில் கடன் வாங்கும் 10 கழித்தல் கணக்குகளைத் தாளில் கொடுத்தால், எவர் உதவியும் இல்லாமல், 12 வாரங்களுக்குள் 8 சரியாகப் போடும்.’ எந்தச் சூழலில், எதை, எத்தனை, எப்போதைக்குள் என்ற நான்கும் அதில் இருக்கின்றன. ‘கழித்தலில் மேம்படும்’ என்ற வாக்கியத்தை எந்த அறிக்கையாலும் சோதிக்க முடியாது.

2-லிருந்து 8-க்கு 12 வாரம் என்றால் வாரத்துக்கு அரைக் கணக்கு ஏற வேண்டும். கட்டம் போட்ட தாளில் 2-ஐயும் 8-ஐயும் கோட்டால் இணைத்தால், நான்காம் வாரம் 4, எட்டாம் வாரம் 6 என்று கோடு சொல்லும். வாரம் ஒரு முறை அதே மாதிரித் தாளைக் கொடுத்து, எத்தனை சரி என்று புள்ளி வையுங்கள். மென்பொருளின் கேள்வி வாரியான பதிவிலிருந்து கடன் வாங்கும் கணக்குகளை மட்டும் எடுத்து, அதை வேறு நிறத்தில் குறிக்கலாம். இரண்டு நிறங்களும் சேர்ந்து ஏறினால் நல்லது. திரையில் ஏறித் தாளில் ஏறாவிட்டால், குழந்தை பிடித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் திரை தரும் பெட்டிகளையும் குறிப்பையும்தான்.

அடுத்தடுத்து நான்கு புள்ளிகள் கோட்டுக்குக் கீழே விழுந்தால் கற்பிக்கும் முறையை மாற்ற வேண்டும். இது சிறப்புக் கல்வியில் நெடுநாளாகப் புழங்கும் விதி. ஒரு புள்ளி விழுந்ததற்கெல்லாம் மாற்றத் தேவையில்லை. காய்ச்சலோ முந்தின நாள் தூங்காததோகூடக் காரணமாகலாம். மாற்றுவது என்றால் அதே பயிற்சியை இரட்டிப்பாக்குவது அல்ல. இந்தக் குழந்தைக்கு பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து குச்சிக்கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் கொடுத்து, அதிலிருந்து 27 குச்சிகளை எடுத்துத் தரச் சொல்ல வேண்டும். இரண்டு உதிரியிலிருந்து ஏழை எடுக்க முடியாது, கட்டை அவிழ்த்தே ஆக வேண்டும் என்று கை கண்டுபிடித்துவிடும். மாற்றிய தேதியில் வரைபடத்தில் செங்குத்தாக ஒரு கோடு போட்டு, ‘குச்சிக்கட்டு, தினம் 15 நிமிடம்’ என்று பக்கத்தில் எழுதிவையுங்கள். அடுத்த கூட்டத்தில் பெற்றோர் முன் வைக்க வேண்டியது அந்தத் தாளும், தொடக்க வாரத்தின் விடைத்தாளும், கடைசி வார விடைத்தாளும்தான்.