தேதி எழுதாத பாட்டில்: நொய்யல் கரையில் நீரைக் கண்காணிப்போர் கவனத்துக்கு

நீர்ப் பகுப்பாய்வு ஆய்வகத்தில் வேலை பார்க்கும் எனக்கு, மாதத்தில் இரண்டு மூன்று முறையாவது ஒரே காட்சி வாய்த்துவிடுகிறது. நொய்யல் கரை ஊர் ஒன்றிலிருந்து வரும் ஒருவர், குளிர்பானப் பாட்டில் நிறைய ஆற்றுநீரையோ வாய்க்கால் நீரையோ கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க சார், சாயத்தண்ணி கலந்திருக்குதான்னு" என்பார். எந்த இடத்தில் எடுத்தீர்கள், எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், முந்தைய நாள் மழை பெய்ததா என்று கேட்டால், பெரும்பாலும் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் வரும். பாட்டிலின் அடியில் பழைய பானத்தின் சர்க்கரை ஒட்டியிருந்தால், கரிமக் கழிவின் அளவைக் காட்டும் சோதனையை அதில் செய்வதிலேயே பொருளில்லை. அவருடைய கவலை உண்மையானது. ஆற்றில் அவர் கண்டதும் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனாலும் அந்தப் பாட்டிலைக் கொண்டு யாரையும் ஒரு கேள்விகூடக் கேட்க முடியாது. ஆறு காக்கும் ஆர்வத்தோடு ஊர்தோறும் குழுக்கள் உருவாகிவரும் இந்நாளில், அந்த ஆர்வம் வீணாகாமலிருக்க என்ன செய்யலாம் என்பதை, என் தொழில் கற்றுக்கொடுத்த அளவில் இங்கே சொல்கிறேன்.

பேரூரில் காஞ்சிமாநதி என்று போற்றப்படும் நொய்யல், கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரி மலைச் சரிவுகளில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களைக் கடந்து, நொய்யல் என்ற பெயரையே கொண்ட ஊருக்கு அருகே காவிரியில் சேர்கிறது. மலையில் மழை கொட்டும். சமவெளியிலோ மழை குறைவு. அதனால்தான் நம் முன்னோர் சித்திரைச்சாவடி, குறிச்சி, வெள்ளலூர் என்று அடுத்தடுத்து அணைக்கட்டுகளை எழுப்பி, வெள்ளம் வரும் சில நாள்களிலேயே வாய்க்கால் வழியாகக் குளங்களை நிரப்பிக்கொண்டார்கள். ஒரு குளத்தின் மிகைநீர் அடுத்த குளத்துக்குப் போகும் ஏற்பாடு அது. மழைநீரை ஊர் ஊராகக் கைமாற்றிக்கொடுத்த அதே சங்கிலிதான், இன்று ஓர் ஊரின் சாக்கடையையும் அடுத்த ஊருக்குக் கைமாற்றிக்கொண்டிருக்கிறது.

இந்த ஆற்றில் நீரை அளப்பதன் அருமையை அறிய ஒரத்துப்பாளையம் அணையின் கதையை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். பாசனத்துக்கென்று கட்டப்பட்டு 1992இல் பயன்பாட்டுக்கு வந்த அந்த அணை, சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு வந்து தேங்கும் தொட்டியாகிவிட்டது. பருத்தித் துணியில் சாயம் பிடிப்பதற்காகச் சாயக் குளியலில் லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பைச் சேர்ப்பார்கள். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை, முழுவதும் கழிவோடு வெளியேறிவிடும். சுண்ணாம்பும் இரும்பு உப்பும் கலந்து தெளியவைக்கும் பழைய சுத்திகரிப்பு முறை, நிறத்தையும் கசடையும் பெருமளவு நீக்குமே தவிர, கரைந்த உப்பைத் தொடாது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த நீரே வயலைக் கெடுத்தது. சோடியம் மிகுந்த நீர் பாய்ந்த மண் இறுகிப் போகிறது, தண்ணீர் உள்ளே இறங்குவதில்லை, கிணறுகளும் உவர்த்துப் போகின்றன. தேங்கிய நீரைத் திறந்துவிட்டால் கீழே கரூர் வரையிலான நிலம் கெடும், திறக்காமல் வைத்திருந்தால் அணையைச் சுற்றியுள்ள கிணறுகள் கெடும் என்ற இக்கட்டில் விவசாயிகள் சிக்கினார்கள்.

அவர்கள் நாக்கில் பட்ட உப்பு நீதிமன்றத்தில் எண்ணாக மாற வேண்டியிருந்தது. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் 2003இல் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் தீர்ப்பளித்துக் கண்காணிப்புக் குழுவையும் அமைத்தது. கெடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை எடுத்துரைத்து உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபரில் அதை உறுதிசெய்தது. அதன் பிறகும் கழிவு நிற்கவில்லை என்ற நிலையில், 2011 ஜனவரி 28 அன்று எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் வடித்து, எஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி உப்பாக்கி, நீரைத் திரும்பப் பயன்படுத்தும் 'பூஜ்ஜியக் கழிவு வெளியேற்றம்' திருப்பூரில் கட்டாயமானதற்குப் பின்னால் இருப்பது இந்தப் போராட்டம். இந்த வழக்கு நெடுகிலும் அடிபட்ட எண் ஒன்று உண்டு: கழிவுநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆறு கெட்டுவிட்டது என்ற முறையீட்டுக்கு யாரும் மறுப்புச் சொல்லலாம், ஆனால் இன்ன தேதியில் இன்ன மதகில் இவ்வளவு என்ற கணக்குக்கு மறுப்புச் சொல்ல எதிர்த்தரப்பும் அளந்தாக வேண்டும்.

சாதாரணக் குழு ஒன்று அளக்கக்கூடியவற்றில் முதலிடம் மின்கடத்துதிறனுக்குத்தான். பேனா அளவுள்ள கருவி போதும். நீரில் கரைந்த உப்பு கூடக் கூட அதன் எண்ணும் கூடும். மைக்ரோசீமன்ஸ் என்ற அலகில் வரும் அந்த எண்ணை ஏறத்தாழ 0.65ஆல் பெருக்கினால், டி.டி.எஸ். என்று எல்லோரும் சொல்லும் கரைதிண்மத்தின் அளவு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கிடைக்கும். ஆனால் வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட அளவு சரிபார்க்காத கருவிகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழு ஓராண்டு முழுவதும் எடுத்த அளவுகளை அட்டவணையாக்கி ஓர் அலுவலகத்தில் கொடுத்தது. "கருவியை எப்போது சரிபார்த்தீர்கள்?" என்ற ஒரே கேள்வியில் அந்த ஓராண்டு உழைப்பு மடங்கி மேசை அறைக்குள் போய்விட்டது. கேட்டவர்மேல் எனக்கு வருத்தம் உண்டென்றாலும், கேள்வியில் தவறு காண முடியவில்லை. ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில், 25 டிகிரி வெப்பத்தில் 1,413 மைக்ரோசீமன்ஸ் காட்ட வேண்டிய நியமக் கரைசல் சிறு பாட்டிலில் கிடைக்கிறது. ஒவ்வொரு முறையும் ஆற்றுக்குப் புறப்படுமுன் கருவியை அதில் தோய்த்து, வந்த எண்ணையும் அதே நோட்டில் எழுதிவிட வேண்டும். இரண்டு நிமிட வேலைதான்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீரில் கரைந்த ஆக்சிஜன் பகல் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. பாசியும் நீர்ச்செடிகளும் வெயிலில் ஆக்சிஜனை வெளியிட்டு, இரவில் அதையே சுவாசித்துத் தீர்க்கின்றன. எனவே விடியலுக்கு முன் அதன் அளவு அடிமட்டத்துக்கு வந்து, பிற்பகலில் உச்சத்தைத் தொடும். குளிக்கத் தகுந்த நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது விதி. சாக்கடை கலந்து பச்சைப் பிடித்த குளம் ஒன்று பிற்பகல் 3 மணிக்கு இந்தத் தேர்வில் எளிதாகத் தேறிவிடும். அதே குளத்தில் மறுநாள் விடியற்காலையில் மீன் செத்து மிதக்கும். ஒரு மாதம் காலையிலும் மறு மாதம் மாலையிலும் அளந்துவிட்டு, நீர் தெளிந்துவிட்டது என்று மகிழ்ந்த குழுக்கள் உண்டு. ஒரே இடம், ஒரே நேரம், முடிந்தால் ஒரே ஆள் என்று வைத்துக்கொள்வதே நல்லது. நம் வசதிக்கு ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி என்று வைத்துக்கொள்கிறோம். ரகசியமாகக் கழிவைத் திறந்துவிட நினைப்பவர் இரவையும் மழையையும் பார்த்துக் காத்திருக்கிறார் என்பதை மறந்துவிடுகிறோம். வழக்கமான அளவீட்டோடு, மழையின் முதல் வெள்ளம் வரும்போது ஒரு தனி அளவீடும் தேவை.

கருவி வாங்க முடியாத பள்ளிக் குழுக்கள் நீரடியில் உள்ள கற்களைப் புரட்டிப் பார்க்கலாம். மலையடிவாரத்தில் ஓடும் சுத்தமான ஓடையில், வாலில் இரண்டு மூன்று இழைகளோடு கல்லைப் பற்றிக் கிடக்கும் பூச்சியிளசுகள் கிடைக்கும். ஆக்சிஜன் குறைந்தால் முதலில் மறைபவை அவைதாம். நகரத்துக்குக் கீழே போனால் சேற்றில் நெளியும் செந்நிறப் புழுக்கள் மட்டுமே எஞ்சும். அந்த ஒரு வேளைக்கான நீரைத்தான் கருவி சொல்கிறது, பூச்சிகளோ கடந்த பல வாரங்களின் நீரைச் சொல்கின்றன. நீரில் மலக்கழிவு இருந்தால் ஒன்றிரண்டு நாளில் கருத்துப்போகும் சோதனைக் குப்பியைப் பலரும் ஆற்றுநீருக்குப் பயன்படுத்துகிறார்கள். இன்றைய நிலையில் நகரத்து நொய்யலில் அது கறுக்காமலிருந்தால்தான் வியப்பு. கரையோரக் குடிநீர்க் கிணறுகளுக்குத்தான் அந்தக் குப்பி பொருத்தம்.

ஆற்றங்கரையில் மட்டும் நின்றால் ஆறு கெட்டதற்கான காரணம் தெரியாது. நொய்யலின் நீர்ப்பிடிப்புப் பகுதி ஏறத்தாழ 3,500 சதுர கிலோமீட்டர். அதில் விழும் ஒவ்வொரு மழைத்துளியும் ஏதோ ஒரு பள்ளம் வழியாகத்தான் ஆற்றுக்கு வருகிறது. குருடி மலையில் தோன்றும் கௌசிகா நதி போன்ற துணையாறுகள் ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடப்பதால், அவற்றை ஆறு என்றே பலர் அறிவதில்லை. வறண்ட பள்ளத்தில்தான் குப்பையும் கட்டட இடிபாடும் கேட்பாரின்றிக் கொட்டப்படுகின்றன. ஒரு குழு முதலில் செய்ய வேண்டியது தன் எல்லைக்குள் ஆற்றிலும் வாய்க்காலிலும் வந்து சேரும் ஒவ்வொரு குழாயையும் ஓடையையும் நடந்தே பார்த்து வரைபடத்தில் குறிப்பதுதான். பிறகு ஒவ்வொரு கலப்பிடத்துக்கும் சற்று மேலே ஓரிடம், நன்றாகக் கலந்த பிறகு கீழே ஓரிடம் என இரண்டு இடங்களில் அளந்தால், வித்தியாசம் தானாகப் பேசும்.

சட்டம் தெரியாமல் அலைந்து சலித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டப்படி, குற்ற வழக்கில் சான்றாக நிற்கும் மாதிரியை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அதிகாரம் பெற்றவர்தான், ஆலைக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து, முத்திரையிட்டு எடுக்க வேண்டும். நாம் எடுக்கும் மாதிரிக்கு அந்த இடம் கிடையாது. ஆனால் எந்த இடத்துக்கு எந்த நேரத்தில் வர வேண்டும் என்று அந்த அதிகாரியை அழைக்கும் ஆதாரம் நம் நோட்டுத்தான். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கான சட்டத்தில், வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் முறையிட வேண்டும், தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் என்றொரு வரம்பு இருக்கிறது. முதலில் எழுந்த நாள் எது என்ற வாதம் வரும்போது, தேதி போட்டு எழுதியவர் கை ஓங்கும்.

கோவையில் 2003இல் தொடங்கிய நீர்நிலைப் பாதுகாப்பு அமைப்பான சிறுதுளியும், ஞாயிறுதோறும் குளக்கரையில் இறங்கிக் குப்பை அள்ளும் கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பும் ஏராளமானோரை நீர்நிலைகள் பக்கம் திருப்பியிருக்கின்றன. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: ஆகாயத் தாமரையை அகற்ற நூறு பேர் வருகிறார்கள், அது ஏன் மீண்டும் படர்கிறது என்பதைச் சொல்லும் அளவீட்டுக்கு மூன்று பேர்கூடத் தேறுவதில்லை. அந்தச் செடியை வளர்ப்பது சாக்கடையில் வரும் நைட்ரஜனும் பாஸ்பரசும். அவை வரும் வழியை அடைக்காதவரை அள்ளுவது முடியாத வேலை. அளப்பதில் படம் எடுத்துப் பகிர எதுவுமில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் இப்போது ஐந்து பேர் இருக்கிறார்கள். அவர்களில் இருவர் ஓய்வு பெற்றவர்கள். ஐந்து இடங்கள், மாதம் இரண்டு முறை, காலை ஏழு மணி. மின்கடத்துதிறன், வெப்பநிலை, நிறம், மணம், நுரை, நீர்மட்டம் என்று ஆறே பத்திகள் கொண்ட நீள நோட்டு ஒன்றை வைத்திருக்கிறார்கள். நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, பாட்டிலை ஆற்றுநீராலேயே மூன்று முறை அலசி, மேற்பரப்புக்குக் கீழே மூழ்கவைத்து எடுக்கும் பழக்கம் அவர்கள் கைக்கு வந்துவிட்டது. இரண்டாவது ஆண்டின் நடுவில்தான், மூன்றாம் இடத்தில் மட்டும் மழை பெய்த மறுநாள்களில் எண் ஏறுவதை அவர்கள் கவனித்தார்கள். பொதுவாக மழைநீர் கலந்தால் எண் குறைய வேண்டும். இப்போது அந்த இடத்துக்கு மேலே உள்ள பள்ளத்தில், மழை தொடங்கியவுடன் போய் நிற்க முறை வைத்திருக்கிறார்கள். குடையோடு ஒருவர், நோட்டோடு ஒருவர்.