இதழ் நுனியைச் சீவாதீர்கள்

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை. கானாடுகாத்தானிலிருந்து ஆச்சி ஒருவர் என் போட்டோ ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். மகன் சென்னையில் புது வீடு குடிபோகிறாராம். கொல்லையில் பூத்த ஒற்றைச் செம்பருத்தியை 12-க்கு 18 அங்குல அளவில் பிரேம் போட்டுக் கொண்டுபோக வேண்டும். "நானே எடுத்தது தம்பி. நல்லாப் பெருசாப் போட்டுக் குடுங்க."

செல்லில் பார்த்தபோது படம் அருமை. கம்ப்யூட்டரில் ஏற்றியபிறகுதான் விஷயம் தெரிந்தது: நீளம் 900 பிக்சல் (படத்தை ஆக்கும் புள்ளிகள்), அகலம் 600. செடி முழுவதும் தெரியத் தள்ளி நின்று எடுத்து, அதிலிருந்து ஒரே பூவை வெட்டியிருக்கிறார்கள். அதை மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப, அவர் இன்னும் கொஞ்சம் வெட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறார். 18 அங்குலத்தில் 900 பிக்சலைப் பரப்பினால் அங்குலத்துக்கு 50தான் கிடைக்கும். கையில் வைத்துப் பார்க்கும் பிரிண்டுக்கு 300 வேண்டும். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்க 150 ஆவது வேண்டும். "வெட்டாத படம் இருக்கா ஆச்சி?" என்றேன். வெட்டியதையே அதன்மேல் சேமித்துவிட்டார்கள். போனது போனதுதான்.

மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது இப்படி வருகிறார்கள். கிராப் செய்வதை, அதாவது படத்தின் ஓரங்களை வெட்டுவதை, காசில்லாத வேலை என்று நினைத்துவிடுகிறோம். 24 மெகாபிக்சல் (2.4 கோடி பிக்சல்) கேமராவில் ஒரு படம் 6000-க்கு 4000 பிக்சல். நீளத்தில் பாதி, அகலத்தில் பாதி வெட்டினால் "பாதிதானே வெட்டினேன்" என்பார்கள். கையில் மிஞ்சுவது கால் பங்கு, 6 மெகாபிக்சல். தரமாகப் போட்டால் 10 அங்குல நீளத்துக்குமேல் தாங்காது. கை நடுங்கிய நடுக்கமும், ஃபோகஸ் தப்பிய மசமசப்பும் பூவோடு சேர்ந்தே பெரிதாகும். செல்லில் இரண்டு விரலால் இழுக்கும் ஜூமும் பெரும்பாலும் இதே வெட்டுத்தான், எடுக்கும்போதே வெட்டிவிடுகிறது, அவ்வளவே.

ஆகவே முதலில் கிட்டப் போங்கள். ஆனால் மூக்கு முட்டப் போகாதீர்கள். செல்லின் சாதாரண லென்ஸ் அகலமானது. ரொம்ப நெருங்கினால் பூவின் முன்பக்கம் ஊதி, இதழ்கள் பின்னால் சுருங்கிப் போகும். ஃபோகஸும் பிடிக்காது. தெளிவு வரும்வரை பின்னால் வந்து, ஓரத்தில் மிஞ்சியதைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். அந்த அளவு வெட்டு நியாயம். தூரத்தைக் கிட்டக் காட்டும் டெலி லென்ஸ் தனியாக உள்ள செல் என்றால் அதில் எடுங்கள்.

சின்னதைக் கிட்டப் போய்ப் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வாங்கியவர்களுக்கு வேறு தலைவலி. பூவின் பிம்பத்தை அதன் அசல் அளவிலேயே சென்சாரில் (கேமராவுக்குள் படம் பதியும் தகட்டில்) விழவைத்து, லென்ஸ் துவாரத்தை எஃப் 8 அளவில் வைத்து எடுத்தால், தெளிவாக இருக்கும் ஆழம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். செம்பருத்தியின் நடுத்தண்டு விரல் நீளம் இருக்கிறது. நேர் எதிரே நின்று எடுத்தால் நுனியிலுள்ள ஐந்து சிவப்பு முடிகள் தெளியும், இதழெல்லாம் கலங்கும், இல்லையென்றால் தலைகீழ். பக்கவாட்டில் போய், தண்டு கேமராவுக்குக் குறுக்கே படுத்திருப்பதுபோல் எடுங்கள். முழுத் தண்டும் ஒரே தெளிவில் கிடைக்கும். சிவப்பு சீக்கிரம் விவரம் தெரியாத ஒரே திட்டாகிவிடும் என்பதால் கேமராவில் வெளிச்சத்தை ஒரு படி குறைப்பது நல்லது. உச்சி வெயிலில் எடுத்தே ஆகவேண்டும் என்றால் இரண்டு பேர் ஒரு வெள்ளை வேட்டியை மேலே பிடித்தால் போதும். நான் பல வருஷம் அப்படித்தான் சமாளித்தேன்.

சரி, எங்கே வெட்டுவது? எனக்கு இதைச் சொல்லித் தந்தது ஆத்தங்குடித் தரை. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகச் சாயக் கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி எடுக்கிற கல் அது. சூளைக்குப் போவதில்லை, தண்ணீரில் ஊறித்தான் இறுகுகிறது. அதில் பல கல்லுக்கு மூலையில் கால் பூதான் இருக்கும். நாலு கல்லைச் சேர்த்தால் முழுப்பூ. ஒற்றைக் கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள், குறையாகத் தோன்றாது. பூவின் நடுவிலேயே வெட்டியிருப்பதால் மிச்சத்தைக் கண் தானே வரைந்துகொள்கிறது.

படத்துக்கும் அதுதான். ஓரத்தில் ஒரு விரற்கடை இடம் விட்டு முழுப்பூவைக் காட்டலாம். இல்லையா, இதழின் பாதி வரை உள்ளே போய்த் துணிந்து வெட்டலாம். நுனியை மட்டும் நகம் வெட்டியதுபோல் சீவுகிறீர்களே, அதுதான் கண்ணை உறுத்துகிறது. தெரியாமல் நடந்த தப்பு மாதிரி இருக்கும்.

துணிந்து வெட்டுவதிலும் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். குன்றக்குடிப் பக்கம் வேலியில் படர்ந்த செங்காந்தளை எடுத்து, தீ நாக்கு மாதிரி மேலே எழும் இதழ்கள் மட்டும் நிற்கும்படி வெட்டினேன். ஒரு தாவரவியல் ஆசிரியர் பார்த்துவிட்டு, "சூலகத்தண்டு எங்கே?" என்றார். பூவின் பெண் உறுப்பிலிருந்து நீளும் தண்டு அது; அந்தப் பூவில் அடியிலிருந்து ஏறக்குறைய செங்கோணமாகப் பக்கவாட்டில் மடங்கி நிற்கும். செங்காந்தளுக்கு அடையாளமே அதுதான். குப்பை என்று நான் வெட்டி எறிந்தது அதை.

எருக்குக்கு இந்தக் கவலை இல்லை. ஐந்து இதழ், நடுவில் ஐமுனைக் கிரீடம். சதுரமாக வெட்டி நட்டநடுவில் வையுங்கள். படத்தை மூன்றாகப் பிரித்து, பூவை எப்போதும் அந்த மூன்றில் ஒரு பங்குக் கோட்டில்தான் வைக்க வேண்டும், நடுவில் கூடாது என்பவர்கள் பிள்ளையார்பட்டி வாசலில் எருக்கமாலையைப் பார்த்துவிட்டு வரட்டும். ஊருணித் தாமரைக்கு என் யோசனை: வெட்டவே வேண்டாம். சேற்றில் இறங்கவும் வேண்டாம். இலையும் தண்ணீரும் சேர்ந்தே இருக்கட்டும்.

இன்னொரு வெட்டு உங்களைக் கேட்காமலே நடக்கும். செல் படம் பொதுவாக 4-க்கு 3. 12-க்கு 18 பிரேம் 3-க்கு 2. நிரப்பிப் போட, அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்கை பிரிண்ட் போடும் லேப் எடுத்துவிடும். அதற்கும் சேர்த்து இடம் விட்டு எடுங்கள். வெட்டும்போது நகலில் வெட்டுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது, பிக்சல் குறையாமல் போய்ச்சேர, போட்டோவாக அல்லாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

ஆச்சி நாலு நாள் கழித்துத் திரும்ப வந்தார்கள். பழைய பூ அன்றைக்கே வாடியிருக்கும். இது வேறு பூ, பக்கவாட்டில், வெட்டாமல். பிரேமுக்குப் பொருத்தியபோது கீழ் ஓரத்து இதழில் ஒரு எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. "கீழே வெட்டினால் எறும்பு போயிரும் ஆச்சி, வெட்டிரவா?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைக் கிட்டப் பார்த்தார்கள். "மேலே வெட்டுங்க தம்பி. அதுவும் எங்க வீட்டு எறும்புதான்."