அயோவாவின் தேதி பின்னாலிருந்து எண்ணிய தேதி

அமெரிக்க அதிபர் தேர்தல் நவம்பரில். ஆனால் அதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே வேட்பாளர்கள் அயோவாவின் சோள வயல்களுக்கு நடுவே சுற்றிக்கொண்டிருப்பார்கள். சுமார் 32 லட்சம் பேர் வாழும் சின்ன மாநிலம். 2020-இல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைத் தீர்மானிக்க வேண்டிய 3,979 பிரதிநிதிகளில் அயோவாவின் பங்கு வெறும் 41. அப்படியிருந்தும் இவ்வளவு மரியாதை ஏன்? வரிசையில் முதல் ஆள் என்பதால்தான்.

இந்த முதலிடம் ஒரு காலண்டர் கணக்கில் கிடைத்தது. 1968-இல் அன்றைய துணை அதிபர் ஹூபர்ட் ஹம்ப்ரி ஒரு பிரைமரியில்கூட, அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் நடத்தும் வாக்குப்பதிவு ஒன்றில்கூட, போட்டியிடாமல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் ஆனார். அந்தக் கோபத்தில் விதிகள் மாறின: கூட்டங்களைக் கட்சிக்காரர்களுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், எல்லோரையும் உள்ளே விட வேண்டும். அயோவாவிலோ தேர்வு நான்கு படிகளில் நடக்கும். முதலில் தெருவட்டார அளவில் காகஸ் என்கிற கூட்டம், பிறகு மாவட்ட மாநாடு, நாடாளுமன்றத் தொகுதி மாநாடு, கடைசியில் மாநில மாநாடு. ஒவ்வொரு படிக்கும் நடுவே அவகாசம் வேண்டும், தாள்களை நகலெடுக்க வேண்டும். 1972-இல் மாநில மாநாட்டை மே 20-க்கு வைத்துவிட்டுப் பின்னோக்கி எண்ணினார்கள். டெஸ் மொயின் நகரில் ஓட்டல் அறை கிடைத்த நாள் அதுதான் என்று சொல்வார்கள். எண்ணிக்கொண்டே போய் முதல் கூட்டம் ஜனவரி 24-இல் வந்து நின்றது. அதுவரை முதலில் வந்துகொண்டிருந்த நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் பிரைமரி அந்த வருடம் மார்ச் 7.

அடுத்த முறை, 1976-இல், அவ்வளவாக யாரும் அறியாத ஜிம்மி கார்ட்டர் அங்கே சுமார் 28 சதவீதம் வாங்கினார். ‘இன்னும் முடிவு செய்யவில்லை’ என்றவர்கள் அவரைவிட அதிகம். ஆனாலும் செய்திகளில் வெற்றி பெற்றவர் கார்ட்டர்தான். அதற்கப்புறம் அந்தத் தேதியை அயோவா விட்டுக்கொடுக்குமா?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். அயோவா சட்டம், மற்ற எந்த மாநிலத்துக்கும் குறைந்தது 8 நாள் முன்னால் தன் காகஸ் நடக்க வேண்டும் என்கிறது. நியூ ஹாம்ப்ஷயர் சட்டம், தன் பிரைமரி ‘இதுபோன்ற’ எந்தத் தேர்தலுக்கும் 7 நாள் முன்னால் வர வேண்டும் என்கிறது. இருவரும் முதலில் எப்படி வர முடியும்? ‘இதுபோன்ற’ என்ற சொல்தான் முடிச்சு. காகஸ் என்பது கட்சி நடத்தும் கூட்டம், அரசு நடத்தும் தேர்தல் இல்லை. ஆகவே நியூ ஹாம்ப்ஷயர் கண்டுகொள்ளாது. அயோவா வாக்குச்சீட்டுப் பக்கம் போனால் கதையே வேறு.

இந்தச் சட்டங்கள் தேதியைச் சொல்வதில்லை, இடைவெளியைச் சொல்கின்றன. அதனால் யாராவது முன்னால் நகர்ந்தால் எல்லாத் தேதியும் முன்னால்தான் நகரும். 2008-இல் மிச்சிகன் ஜனவரி 15-க்குத் தாவியது, நியூ ஹாம்ப்ஷயர் 8-க்கு ஓடியது, அயோவா 3-ஆம் தேதிக்கே வந்துவிட்டது. புத்தாண்டின் மூன்றாம் நாள்! அவசரத்தில் அந்த 8 நாள் இடைவெளியும் 5 ஆகச் சுருங்கிப்போனது. தாவிய மிச்சிகனுக்கும் புளோரிடாவுக்கும் பிரதிநிதிகளே கிடையாது என்று ஜனநாயகக் கட்சி தண்டித்தது, ஆனால் கட்சியின் தேசிய மாநாடு வருவதற்குள் அந்தத் தண்டனை கரைந்துபோனது. அப்படிப்பட்ட தண்டனைக்கு யார் பயப்படுவார்கள்?

இந்த ஓட்டத்தில் விலை கொடுப்பது வாக்காளர்தான். 2020 வரை ஜனநாயகக் கட்சியின் காகஸ் இப்படித்தான்: இரவு ஏழு மணி, பள்ளி விளையாட்டுக் கூடம், ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை. தலைகளை எண்ணுவார்கள். பெரும்பாலான இடங்களில் 15 சதவீதம் தேறாத மூலை கலைய வேண்டும். உடனே பக்கத்து மூலைக்காரர்கள், “எங்கள் பக்கம் வாங்க” என்று கையைப் பிடிக்காத குறையாக அழைப்பார்கள். அழகான காட்சிதான். ஆனால் இரவுப் பணியில் இருக்கும் செவிலியரோ, கைக்குழந்தையோடு இருக்கும் தாயோ அந்த நேரத்துக்கு எப்படி வருவார்? அவர்களை வெளியே நிறுத்தும் முறையை ஜனநாயகம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

2020-இல் முடிவுகளை அனுப்பும் செயலி சொதப்பியது. யார் ஜெயித்தார் என்று தெரியப் பல நாள் ஆனது. 2024-க்கு ஜனநாயகக் கட்சி தென் கரோலினாவை முதலில் வைத்தது. நியூ ஹாம்ப்ஷயர் தன் சட்டப்படி ஜனவரி 23-இலேயே நடத்திவிட்டது. குடியரசுக் கட்சியினர் பழையபடி அயோவாவில் ஜனவரி 15 அன்று கூடினார்கள், உறைபனிக்கும் கீழே போன கடுங்குளிரில். ஜனநாயகக் கட்சிக்காரர்களும் அன்று கூடினார்கள், ஆனால் கட்சி வேலைகளுக்காக மட்டும். யார் வேட்பாளர் என்பதை வீட்டிலிருந்தே அட்டையில் எழுதித் தபாலில் அனுப்பினார்கள். முடிவு மார்ச் 5 அன்று, பல மாநிலங்கள் ஒன்றாக வாக்களித்த நாளில், கூட்டத்தோடு கூட்டமாக வந்தது.