செல்லை வெட்டாமல் உள்ளே பார்க்கும் எக்ஸ் கதிர்

ஒளி நுண்ணோக்கியால் சுமார் 200 நானோமீட்டருக்கும் சிறியவற்றைப் பொதுவாகப் பிரித்தறிய முடியாது. எலக்ட்ரான் நுண்ணோக்கி அதைவிட நுட்பமாகக் காட்டினாலும், எலக்ட்ரான்கள் தடித்த பொருளை ஊடுருவாததால் செல்லை மிக மெல்லிய சீவல்களாக அரிந்தாக வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வேலையைச் செய்வது மென் (ஆற்றல் குறைந்த) எக்ஸ் கதிர் நுண்ணோக்கி. 2.3 முதல் 4.4 நானோமீட்டர் வரையான அலைநீளத்தில் நீர் எக்ஸ் கதிரைக் குறைவாகவே உறிஞ்சுகிறது. புரதத்திலும் கொழுப்பிலும் செறிந்துள்ள கார்பனோ பல மடங்கு கூடுதலாக உறிஞ்சுகிறது. ‘நீர்ச் சாளரம்’ எனப்படும் இந்த எல்லைக்குள், சாயம் ஏற்றாத முழுச் செல்லின் உள்ளுறுப்புகளும் தாமாகவே கருமையாகத் தெரிகின்றன.

சிக்கல் கதிரை உண்டாக்குவதில்தான் இருந்தது. போதிய செறிவுள்ள மென் எக்ஸ் கதிருக்கு பெர்க்லி, பெர்லின் போன்ற இடங்களிலுள்ள சின்க்ரோட்ரான்களை, அதாவது எலக்ட்ரான்களை அதிவேகமாகச் சுழற்றிக் கதிரை உண்டாக்கும் பெரும் முடுக்கி நிலையங்களை நாடி, முறைக்குக் காத்திருக்க வேண்டும். ஸ்டாக்ஹோமின் கேடிஹெச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் ஹெர்ட்ஸ் குழுவினர் வேறு வழி கண்டனர்: வெற்றிடத்தில் முடியைப் போல மெலிதாகப் பாயும் திரவத் தாரையை லேசர் துடிப்புகளால் தாக்கினால், அது நொடியின் மிகச் சிறு பின்னத்துக்குள் கொதிக்கும் பிளாஸ்மாவாகி (மின்னேற்றம் பெற்ற வாயு) எக்ஸ் கதிரை உமிழும். திட உலோகத்தைத் தாக்கினால் சிதறும் துகள்கள் அருகிலுள்ள கண்ணாடிகளைக் கெடுத்துவிடும். தாரையில் அந்தத் தொல்லை குறைவு, இலக்கும் ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது. திரவ நைட்ரஜன் தாரை தரும் 2.48 நானோமீட்டர் கதிர், சாளரத்துக்குள் கச்சிதமாக விழுகிறது. எளிமையான யோசனைதான் எனினும், தாரையை அசையாமல் நிறுத்துவதே பெரும்பாடு.

எக்ஸ் கதிரைச் சாதாரண வில்லை வளைக்காது. ஆகவே பல அடுக்குப் பூச்சுள்ள குழியாடி கதிரை மாதிரியின்மேல் குவிக்க, ஒருமைய வளையங்கள் செதுக்கிய மண்டலத் தகடு விளிம்பு விளைவால் (அலை தடையின் ஓரத்தில் வளைவதால்) பிம்பத்தை உருவாக்குகிறது. எவ்வளவு நுணுக்கமாகத் தெரியும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது வெளிவளையத்தின் அகலமே. அது சில பத்து நானோமீட்டர்தான்.

கதிரின் சேதத்தைத் தாங்குவதற்காகச் செல்லை நொடிப்பொழுதில் உறையவைத்து, பனிப்படிகம் தோன்றாத கண்ணாடி நிலையில் வைக்கிறார்கள். பிறகு அதைச் சிறிது சிறிதாகச் சாய்த்துப் பல படங்கள் எடுத்து, மருத்துவமனை சிடி ஸ்கேனைப் போலக் கணினியில் முப்பரிமாண உருவத்தை அமைக்கிறார்கள். சுமார் 10 மைக்ரோமீட்டர் தடிமன்வரை இது இயலும். சின்க்ரோட்ரானை விட ஒளிச்செறிவு குறைவு என்பதால் படமெடுக்கக் கூடுதல் நேரமாகும். ஆனால் செல்லை வளர்க்கும் ஆய்வகத்திலேயே அதை உறையவைத்துப் படமெடுக்க முடிவது, என் கணிப்பில், அந்தத் தாமதத்தை ஈடுசெய்துவிடுகிறது.